செயலி வெப்பநிலையை லினக்சில் அறிதல்

செயலி வெப்பநிலையை அறிதல் என்பது கணினியின் மையச் செயலிக்குள் அமைந்த வெப்ப உணரியின் அளவீட்டை, செயலியின் பதிவகங்கள் அல்லது இயக்குதளக் கருனி வழியாகப் படித்தல் ஆகும். செயலி அளவு மீறிச் சூடாகும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கணினி காரணமின்றி மெதுவாவதாகத் தோன்றினால் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுவே.

பதிவகத்தில் இருப்பது

2006 இல் வெளிவந்த இன்டெல் கோர் செயலிகள் முதல், ஒவ்வொரு கருவகத்திலும் ஓர் எண்ணிம உணரி உள்ளது. இதன் அளவீடு பதின்மத்தில் 412 என்னும் எண்ணுடைய பதிவகத்தில் கிடைக்கும். பலர் நினைப்பதற்கு மாறாக, அங்கு வெப்பநிலை எழுதப்பட்டிருப்பதில்லை. உச்ச வரம்பை எட்ட இன்னும் எத்தனை பாகை உள்ளது என்பதே 16 முதல் 22 வரையான பிட்டுகளில் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, பதிவகத்தின் மதிப்பு பதினறும முறையில் 88340000 எனக் கொள்வோம். இதில் 31 ஆம் பிட்டு 1 ஆதலால் அளவீடு செல்லும். 16–22 பிட்டுகளின் மதிப்பு பதினறுமத்தில் 34, அதாவது 52. உச்ச வரம்பு 100 பாகை செல்சியசு எனில் வெப்பநிலை 100 - 52 = 48 பாகை. இந்த வரம்பைப் பிற்காலச் செயலிகளில் 418 ஆம் பதிவகத்திலிருந்து பெறலாம். தொடக்கக் கால கோர் செயலிகளில் அவ்வசதி இல்லாததால், லினக்சின் கோர்டெம்ப் இயக்கி 85 அல்லது 100 என ஊகிக்க வேண்டியிருந்தது. ஊகம் பிழையானால் விடையும் 15 பாகை பிழையாகும்.

லினக்சில் படிக்கும் முறை

பதிவகத்தைப் படிக்கும் கட்டளையைக் கருனி மட்டுமே இயக்க முடியும். எனவே எம்.எசு.ஆர். என்னும் கருனிக்கூறு, ஒவ்வொரு செயலிக்கும் ஒரு சாதனக் கோப்பை அமைத்துத் தருகிறது. ரூட் பயனர் அக்கோப்பில் பதிவக எண்ணுக்குரிய இடத்திலிருந்து 8 பைட்டுகளைப் படிக்கலாம். எழுதவும் இயலும், விளைவு தெரியாமல் எழுதலாகாது.

எளிய வழி, கோர்டெம்ப் இயக்கி தரும் கோப்புகளைப் படிப்பதாகும். இதற்கு ரூட் உரிமை வேண்டியதில்லை. அவற்றில் வெப்பநிலை பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கு அலகில் இருக்கும். 48000 என்பது 48 பாகை. எல்எம்-சென்சார்சு மென்பொருள் இவற்றையே தொகுத்துக் காட்டுகிறது. ஏஎம்டி செயலிகளுக்கு கே10டெம்ப் என்னும் இயக்கி உண்டு. 2017 இல் வெளியான ரைசன் 1800எக்சு, உண்மையைவிட 20 பாகை கூட்டியே அறிவிக்கும். இது விசிறிக் கட்டுப்பாட்டுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு.

அளவீட்டைச் சரிபார்த்தல்

இந்த உணரி உச்ச வரம்பின் அருகில்தான் நன்கு அளக்கும். குறைந்த வெப்பநிலையில் அவ்வளவு துல்லியமன்று. விசிறியால் குளிர்விக்கப்படும் செயலி அறைக்காற்றைவிடக் குளிர்வதில்லை என்பது நல்ல உரைகல். இராசபாளையத்திலோ திருவில்லிபுத்தூரிலோ கோடை நண்பகலில் அறை 36 பாகையாக இருக்க, திரையில் 30 எனத் தெரிந்தால், அந்த எண்ணை நம்பலாகாது.

மாறாக, சும்மா இருக்கும்போதே 80 பாகையைத் தாண்டினால் விசிறியையும் வெப்பந்தணிப்பானின் தகடுகளையும் பார்க்க வேண்டும். நூற்பாலைகள் நிறைந்த இராசபாளையத்திலும், மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் அருகிலுள்ள சத்திரப்பட்டியிலும் தகடுகளுக்கிடையே பஞ்சுத் தூசு படிய வாய்ப்பு மிகுதி. செயலி சூட்டினால் எப்போதாவது வேகம் குறைந்ததா என்பதை அதே 412 ஆம் பதிவகத்தின் 1 ஆம் பிட்டு காட்டும். சூடு தணிந்த பின்னும், மென்பொருள் அழிக்கும்வரை அது 1 ஆகவே நிற்கும்.