உஷார்! மீன் அறையைக் கழுவ இறங்கும் முன் நில்லுங்கள்

கடலில் இருக்கும்வரை காற்றுக்குப் பயம், புயலுக்குப் பயம், இருட்டில் எதிரே வரும் கப்பலுக்குப் பயம். படகைத் துறைமுகத்தில் கட்டியதும் அத்தனையும் போய்விடும். மீன் ஏலத்துக்குப் போயாயிற்று. ‘ரெண்டு பேரு இறங்கி உள்ளே கழுவி விட்டுருங்கடா, வீட்டுக்குப் போகலாம்’ என்று ஒரு குரல் வரும். அந்தக் கடைசி வேலைதான் அன்றைய வேலைகளிலேயே ஆபத்தானது. கழுவாத மீன் அறைக்குள் விஷவாயு இருக்கலாம். இறங்கியவர் ஏறி வராமலே போகலாம்.

விசைப்படகின் மீன் அறைக்கு மேலே ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத்தான் வாய். சுற்றிலும் அடைப்பு, காற்று போய்வர வேறு வழி கிடையாது. தூத்துக்குடி விசைப்படகுகள்போல அன்றன்றைக்குத் திரும்பும் படகில் மீன் சில மணி நேரம்தான் உள்ளே இருக்கும். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் படகுகளோ ஒரு மாதம்கூடக் கடலில் கிடக்கும். அத்தனை நாளும் உருகும் ஐஸ் தண்ணீர், ரத்தத்தையும் செதிலையும் குடல் துணுக்குகளையும் இழுத்துக்கொண்டு தளப் பலகைக்கு அடியில் போய்த் தேங்குகிறது. தீவன ஆலைக்குப் போகும் சங்காய மீனுக்கு யாரும் தாராளமாக ஐஸ் போடுவதில்லை. முதலில் அழுகுவதும் அதுதான்.

உள்ளே நடப்பது என்ன?

மீன் அழுகும்போது பாக்டீரியாக்கள் இரண்டு வேலை செய்கின்றன. ஒன்று, அறைக்குள் இருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அது 19.5-க்குக் கீழே போனாலே ஆள் இறங்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நினைவு தப்பிவிடும்.

இரண்டாவது வேலைதான் பயங்கரம். அழுகும் மீனிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்புகிறது. காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே வராமல் அறையின் அடியிலேயே படுத்துக் கிடக்கும். மேலே நின்று எட்டிப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. குனிந்து தேய்ப்பவர் முகத்தில்தான் அது அடிக்கும்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். காற்றின் பத்து லட்சம் பங்கில் இந்த வாயு 100 பங்கு இருந்தாலே, சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போகும். ‘நாத்தம் போயிருச்சு’ என்று உள்ளே இருப்பவர் வேலையைத் தொடர்வார். வாயு அங்கேயேதான் இருக்கும். 500-ஐத் தாண்டினால் நடை தடுமாறிச் சில நிமிடங்களில் சுருண்டு விழுவார். 1,000-ஐ எட்டினால் ஓரிரு மூச்சே போதும், கூப்பிடக்கூட நேரம் இருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வாயு தண்ணீரில் கரைந்து நிற்கும். தேங்கிய கழிவுத் தண்ணீரைக் காலால் கலக்கியதும், பலகையைப் பெயர்த்ததும் ஒரேயடியாகக் கிளம்பும். இறங்கும்போது ஒன்றும் இல்லாத அறை, வேலையின் நடுவில் ஆளைக் கொல்வது இப்படித்தான்.

ஒருவரைத் தேடி இன்னொருவர்

2022 ஏப்ரலில் மங்களூரு அருகே ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில், மீன் கழிவுத் தொட்டிக்குள் ஒரு தொழிலாளி மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க மற்றவர்கள் அடுத்தடுத்து இறங்கினார்கள். ஐந்து பேர் இறந்துபோனார்கள். படகல்ல, கரைதான், ஆனால் அதே மீன், அதே வாயு, அதே பதற்றம்.

அடைபட்ட இடங்களில் நடக்கும் மரணங்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986-லேயே எச்சரித்தது. நம் படகுகளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஒரே படகில் அண்ணன் தம்பி இருப்பார்கள், மாமன் மச்சான் இருப்பார்கள். உள்ளே விழுந்து கிடப்பது சொந்த ரத்தம் என்னும்போது யார் யோசித்து நிற்கிறார்கள்? ஆனால் நின்றுதான் ஆக வேண்டும். பின்னாலேயே குதிப்பவர் ஆளைத் தூக்கப் போவதில்லை, பக்கத்தில் விழத்தான் போகிறார்.

இதையெல்லாம் நம்பாதீர்கள்

நனைத்த துண்டை மூக்கில் கட்டுவது பயனற்றது. துணி முகக்கவசம் மட்டுமல்ல, என்95 கவசமும் இந்த வாயுவைத் தடுக்காது. இல்லாத ஆக்சிஜனைக் கொண்டுவந்தும் தராது.

கிணறு தூர்வாரும்போது விளக்கை இறக்கிப் பார்ப்பார்களே, அதைப் படகில் செய்யவே செய்யாதீர்கள். ஆக்சிஜன் குறைந்தால்தான் விளக்கு அணையும். ஆளைக் கொல்லும் அளவுக்கு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் விளக்கு அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். பெட்ரோல் ஆவியோ, சமையல் எரிவாயுவோ அடியில் தேங்கியிருந்தால் படகே வெடித்துவிடும். பல நாள் தங்கும் படகுகளில் கேஸ் அடுப்பு உண்டு. கசிந்த கேஸும் காற்றைவிடக் கனம். நேராகப் படகின் அடிக்குத்தான் இறங்கும். கரை சேர்ந்ததும் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுங்கள். அடித்தளத்தைத் திறந்து காற்றாட விடாமல் பீடி, சுவிட்சு, எஞ்சின் எதுவும் வேண்டாம்.

பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலந்தால் நன்றாக வெளுக்கும் என்று சிலர் செய்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலை அரித்துவிடும். அடைத்த அறைக்குள் இது தற்கொலைக்குச் சமம்.

ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது

மீன் இறக்கிய அன்றே கழுவுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் உள்ளே வாயு சேர்கிற நேரம்.

மூடிகள் எல்லாவற்றையும் முழுதாகத் திறந்து போடுங்கள். புளோயர் விசிறியை வெளியில் வைத்து, அதன் குழாயை அறையின் அடிவரை இறக்கி, வெளிக்காற்றைக் குறைந்தது அரை மணி நேரம் உள்ளே அடியுங்கள். எஞ்சின் புகை போகிற பக்கத்திலிருந்து காற்றை இழுக்கக் கூடாது. ஆள் உள்ளே இருக்கும்வரை விசிறி ஓட வேண்டும்.

ஆளை இறக்காமலே மேலிருந்து குழாயால் பீய்ச்சி, பம்பால் கழிவுத் தண்ணீரை இறைத்துவிடுங்கள். கழிவுத் தண்ணீர் கலங்குவதால் வாயு கிளம்பும். மறுபடி காற்று அடியுங்கள். பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். இறங்குபவர் இடுப்பில் அல்ல, தோளோடு சேர்த்து மாட்டும் பெல்ட்டில் கயிறு. மறுமுனை மேலே நிற்பவர் கையில். மேலே நிற்பவர் என்ன நடந்தாலும் இறங்கக் கூடாது. பதில் வரவில்லையா? கயிற்றால் தூக்குங்கள், 108-ஐ அழையுங்கள்.

தளப் பலகைகளைப் பெயர்த்து அடியில் தங்கிய கசடைச் சுரண்டி எடுங்கள். சோப்புத் தண்ணீரால் தேய்த்து அலசிய பிறகு பிளீச்சிங் கரைசல் ஊற்றுங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் போதும். சற்று நேரம் ஊறவிட்டு நல்ல தண்ணீரால் அலசுங்கள். துறைமுகத்துக்குள் தேங்கும் கழிவுத் தண்ணீரை மொண்டு கழுவினால், அடுத்த முறை பிடிக்கும் மீனுக்குக் கிருமியை முன்கூட்டியே ஏற்றிவைத்ததாக ஆகும்.

உள்சுவரின் ஃபைபர் பூச்சில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கழிவுத் தண்ணீர் அதன் வழியே உள்ளே இருக்கும் ஃபோமில் இறங்கினால் எத்தனை கழுவினாலும் நாற்றம் போகாது. ஃபோம் ஊறிப்போய்ப் படகின் கனமும் கூடும், ஐஸும் சீக்கிரம் உருகும்.

ஃபைபர் படகுக்காரர்களுக்கு அடைத்த மீன் அறை இல்லை. அவர்களுக்கு உப்புதான் எதிரி. வெளி மோட்டாருக்குள் தங்கும் கடல் தண்ணீர் காய்ந்து உப்பாகிக் குளிர்விக்கும் பாதையை அடைக்கும். நடுக்கடலில் மோட்டார் சூடேறி நின்றுவிடும். கரை வந்ததும் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரை இறக்கிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓட்டிப் பார்க்காதீர்கள், பம்பின் ரப்பர் சக்கரம் கருகிவிடும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் இரட்டிப்பு உஷார்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. சரியாகக் கழுவாமல் மூடிவைத்த அறை அந்த வெயிலில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தடை முடியும் அவசரத்தில் மூடியைத் திறந்ததும் ஆள் இறங்குவதுதான் வழக்கமாக இருக்கிறது. கழுவிக் காயவைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்தே வைத்து நிறுத்துங்கள். திறக்கும் நாளில் முதலில் காற்று, பிறகுதான் ஆள்.

கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாததைக் காட்டக் கையடக்கக் கருவி இருக்கிறது. ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, எரியும் வாயு ஆகிய நான்கையும் அது அளக்கும். ஒவ்வொரு படகுக்கும் வாங்க முடியாமல் போகலாம். துறைமுகத்துக்கு ஒன்றாவது விசைப்படகு உரிமையாளர் சங்கங்கள் வாங்கி வைக்க வேண்டும். மீன்வளத் துறை அதற்குக் கைகொடுக்க வேண்டும். கருவி வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே ஒன்றை முடிவு செய்யுங்கள், படகு உரிமையாளர்களே: காற்று அடிக்காத மீன் அறைக்குள் உங்கள் ஆட்கள் யாரையும் இறக்காதீர்கள்.