முதலில் கடல், பிறகு நகரம்: அந்தமான் கிளம்பும் திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு

திருச்செங்கோட்டிலிருந்து நேர்கிழக்கே ஒரு கோடு இழுத்தால், வங்கக்கடலைத் தாண்டி அது போர்ட் பிளேருக்குக் கொஞ்சம் தெற்கே போய்ச் சேரும். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. கடிகாரமும் ஒன்றுதான். ஆனால் சூரியன் அங்கே நமக்கு ஒரு மணி நேரம் முன்பே உதித்து, முன்பே மறைந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் மாலை ஐந்து, ஐந்தரைக்குள் இருட்டிவிடும். அதனால் கடல் வேலைகளைக் காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

எப்படிப் போவது?

ஈரோட்டில் இரவு ரயில் ஏறினால் காலையில் சென்னை. அங்கிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். கப்பலும் உண்டு, மூன்று நாள் பிடிக்கும். போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஹேவ்லாக் தீவு 2018 முதல் சுவராஜ் தீவு. இந்த இரண்டுக்கும் இந்தியர்களுக்குத் தனி அனுமதி வேண்டாம். அடையாள அட்டை போதும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

ஏன் கடல் முதலில்?

இறங்கியதும் படகு பிடித்து ஹேவ்லாக் போய்விடுங்கள். நகரத்தைக் கடைசி நாட்களுக்கு வையுங்கள். காற்று பலமானால் தீவுகளுக்கு இடையிலான படகை நிறுத்திவிடுவார்கள். ஹேவ்லாக்கில் மாட்டிக்கொண்டு சென்னை விமானத்தைத் தவறவிடுவது வீண் செலவு. சிலிண்டர் கட்டி ஆழத்தில் இறங்கும் ஸ்கூபா செய்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன்பின் குறைந்தது 18 மணி நேரமாவது விமானம் ஏறாமல் இருப்பது நல்லது. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது குமிழாகித் தொல்லை கொடுக்கும். நீர்மட்டத்திலேயே மிதக்கும் ஸ்நார்க்கலிங்குக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

நீச்சல் தெரியாதவர்கள் ஸ்நார்க்கலிங் செய்யலாமா?

செய்யலாம். லைஃப் ஜாக்கெட் உடலை மிதக்க வைக்கும். வழிகாட்டி கூடவே வருவார். ஹேவ்லாக்கின் எலிஃபென்ட் கடற்கரையில் ஆழம் குறைந்த இடத்திலேயே பவளம் பார்க்கலாம். நம் பக்கத்துக் கிணறுகளில் நீச்சல் பழகியவர்கள் தலையைத் தூக்கிக் கைகால் அடித்துப் பழகியவர்கள். இங்கே முகம் நீருக்குள் இருக்க வேண்டும்; உடல் சும்மா கிடக்க வேண்டும்.

கண்ணாடி முகமூடி மூக்கையும் சேர்த்து மூடிவிடும். அதனால் குழாய் வழியே வாயால்தான் மூச்சு. இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை அமுக்கி, நிதானமாக இழுத்து முழுதாக வெளியே விட்டுப் பழகுங்கள். மூச்சு வாங்கும் அவசரம் அடங்கினாலே பயம் போய்விடும். குழாயில் தண்ணீர் புகுந்தால் பலமாக ஊதினால் வெளியே போகும். முகமூடியின் உட்புறத்தில் கொஞ்சம் எச்சில் தடவி அலசினால் ஆவி படியாது. விளிம்புக்குள் தலைமுடி சிக்கினால் நீர் கசியும். மீசைக்காரர்களுக்கும் சற்றுக் கசியும். உள்ளே பார்க்கும் மீன் உண்மையைவிடப் பெரிதாகவும் பக்கத்திலும் தெரியும். கை நீட்டிப் பிடிக்கப் போகாதீர்கள். இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்தால் மருத்துவரைக் கேட்டபின்தான் இறங்க வேண்டும்.

பவளத்தை ஏன் தொடக்கூடாது?

பாறைபோலத் தெரிந்தாலும் அது உயிருள்ளது. ஆயிரக்கணக்கான சிறு உயிரிகள் சுண்ணாம்புக் கூடு கட்டி ஒன்றாக வாழ்கின்றன. அவற்றுக்குள் குடியிருக்கும் பாசிதான் பெரும்பகுதி உணவையும் நிறத்தையும் கொடுக்கிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். அந்தமானில் 2010ல் அப்படிப் பெரிய பாதிப்பு ஏற்பட்டது. உருண்டையாக வளரும் வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். நாம் ஒரு நொடி ஏறி நின்று உடைப்பது பல ஆண்டு வளர்ச்சியை. உடைந்து கிடக்கும் துண்டையும் ஊருக்கு எடுத்து வரக்கூடாது; பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பட்டியலில் இருக்கிறது. சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்குவதைவிட முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது முதுகுக்கும் பவளத்துக்கும் நல்லது.

நகரத்தில் என்ன செய்யலாம்?

செல்லுலர் சிறைக்கு ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள். 1906ல் கட்டி முடித்தபோது ஏழு கிளைகள், 696 தனியறைகள்; இன்று மூன்று கிளைகளே மிச்சம். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி கட்டினார்கள். கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே முடியாது. 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி கொடியேற்றியதும் இதே ஊரில்தான். மாலையில் அபர்தீன் பஜாரில் சும்மா நடக்கலாம். தமிழர் நிறைய வாழும் ஊர்; தமிழிலேயே விலை கேட்டு வாங்கலாம், இட்லி சாப்பிடலாம், முருகன் கோயிலுக்கும் போய் வரலாம்.

டிக்கெட் போடும்போது இந்த வரிசையை மறக்காதீர்கள். ஹேவ்லாக்கிலிருந்து திரும்பும் படகுக்கும் சென்னை விமானத்துக்கும் நடுவே முழுதாக ஒரு நாளாவது இருக்கட்டும்.