டெங்கு: நோயாளிகளை எண்ணுகிறோம், வைரûஸ அறிகிறோமா?

புது தில்லி: நாட்டில் 2023-ஆம் ஆண்டில் டெங்கு காய்ச்சலால் பாதிக்கப்பட்டோர் 2,89,235 பேர்; உயிரிழந்தோர் 485 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. மாநிலவாரியாகப் பாதிப்பையும் இறப்பையும் பட்டியலிடும் அந்த அட்டவணையில், அவர்களைத் தாக்கியது எந்த வகை வைரஸ் என்பதற்கு மட்டும் இடமில்லை.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகையால் பாதிக்கப்பட்டு மீண்டவரை அதே வகை பொதுவாக மீண்டும் தாக்குவதில்லை. ஆனால், பின்னாளில் வேறொரு வகை தாக்கும்போது, உடலில் எஞ்சியிருக்கும் பழைய எதிர்ப்புப் பொருள்களே புதிய வைரஸ் உயிரணுக்களுக்குள் நுழையத் துணைபோகும் அபாயம் உள்ளது. ரத்தக்கசிவு போன்ற கடும் விளைவுகள் இரண்டாவது தாக்குதலில் கூடுதலாகக் காணப்பட இதுவே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. எனவே, ஓரிடத்தில் எந்த வகை தணிகிறது, எது புதிதாக நுழைகிறது என்பதை அறிவது உயிர்களைக் காக்கும் தகவல்.

இதைத் தலைநகர் அனுபவித்தே அறிந்தது. 1996-இல் தில்லியில் 10,252 பேரைப் பாதித்து, 423 பேரின் உயிரைப் பறித்தது இரண்டாம் வகை. 2003-இல் நான்கு வகைகளும் ஒரே பருவத்தில் அங்கு காணப்பட்டன.

மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யப்படும் எலைசா பரிசோதனை, டெங்கு உண்டா, இல்லையா என்பதை மட்டுமே கூறும். வகையை அறிய பி.சி.ஆர். சோதனை தேவை. ஒரே வகைக்குள் நிகழும் மாற்றங்களை அறியவோ, சுமார் 10,700 எழுத்துகள் கொண்ட வைரஸின் மரபணுத் தொடரையே வாசித்தாக வேண்டும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகுல் ராய் தலைமையிலான குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. 2012 வரை முதல், மூன்றாம் வகைகள் மேலோங்கியிருந்தன. பின்னர் இரண்டாம் வகை நாடெங்கும் பரவியது. வீரியம் குறைந்ததெனக் கருதப்பட்ட நான்காம் வகை தென்னிந்தியாவில் வேரூன்றுகிறது என்று அக்குழு கண்டறிந்தது. 1956 முதல் 2018 வரையிலான காலத்துக்கு அக்குழுவுக்குக் கிடைத்த மரபணுத் தொடர்கள் 408 மட்டுமே. 2017-ஆம் ஆண்டில் மட்டும் பதிவான நோயாளிகளோ 1,88,401 பேர்.

தடுப்பூசி விஷயத்திலும் இந்தக் குறை உறுத்தும். பனேசியா பயோடெக் நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் 10,335 பேரிடம் நடத்தத் திட்டமிட்ட மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்டில் ரோத்தக்கில் தொடங்கியது. அத்தடுப்பூசிக்கு அடிப்படையான வைரஸ்கள் இந்தோனேசியா, டொமினிகா போன்ற நாடுகளில் பல ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்டவை. அதனால் அது பயன்தராது என்பதல்ல. இங்கு பரவும் வைரஸிலிருந்து அவை எவ்வளவு விலகியுள்ளன என்பதைத் தொடர்ந்து ஒப்பிட வேண்டும்.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. கரோனாவைக் கண்காணிக்க 2020 டிசம்பரில் 10 ஆய்வுக்கூடங்களை மத்திய அரசு ஒருங்கிணைத்தது. அவை அனைத்தும் தேசிய நிறுவனங்கள். டெங்கு நோயாளிகளின் ரத்த மாதிரிகளோ பெரும்பாலும் மாநில அரசு மருத்துவமனைகளில் சேர்கின்றன. 2021-இல் தமிழகம் சென்னையில் சொந்தமாக மரபணு ஆய்வுக்கூடம் அமைத்தது. எல்லா மாநிலங்களாலும் அது இயலாது. மாதிரிகளைச் சேகரித்துக் குளிர்பதனத்தில் அனுப்பும் செலவை யார் ஏற்பது என்பதை தில்லியும் மாநிலங்களும்தான் பேசி முடிக்க வேண்டும்.