வீடு மாறப் போகிறீர்களா? தரகரா, செல்போனா, யாரை நம்புவது?

ஆடி மாதத்தில் யாரும் குடி போக மாட்டார்கள். தென் மாவட்டங்களில் அது பழைய வழக்கம்.

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை இருக்கன்குடி மாரியம்மன் கோவிலில் பெரிய திருவிழா. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தில் உள்ள அந்தக் கோவிலுக்கு மக்கள் கால்நடையாகவே வந்து குவிவார்கள். திருவிழா முடியும். ஆவணி பிறக்கும். உடனே, வீடு தேடும் வேலை தொடங்கிவிடும்.

பிள்ளைகள் படிப்புக்காகச் சாத்தூருக்குக் குடி போகிறவர்கள் உண்டு. சிவகாசியில் அச்சகத்தில் வேலை கிடைத்துப் போகிறவர்கள் உண்டு. கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போகிறவர்களும் உண்டு.

வீடு தேடுவது எப்படி?

முன்பு ஒரே வழிதான் இருந்தது. தரகரைப் பிடிப்பார்கள். இப்போது இன்னொரு வழியும் வந்துவிட்டது. செல்போனைத் திறந்தால் போதும். படத்தோடு வீடுகள் வரிசையாக வந்து நிற்கின்றன.

இரண்டில் எது நல்லது?

இதற்குப் பதில் சொல்லும் முன், வேறு ஒரு கேள்வி கேட்க வேண்டும். பணம் எப்போது கை மாறுகிறது? சாவி கைக்கு வருவதற்கு முன்பா, பின்பா? அதில்தான் விஷயம் இருக்கிறது.

டீக்கடைத் தரகர்

சாத்தூர் போன்ற ஊரில் வீட்டுத் தரகருக்குப் பெரும்பாலும் கடை கிடையாது, போர்டு கிடையாது. டீக்கடை பெஞ்சுதான் அவருடைய ஆபீஸ். ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கும். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும்.

ஆனால், அவருக்குத் தெரிந்தது செல்போனுக்குத் தெரியாது.

"வாடகைக்கு விடப்படும்" என்று வீட்டுக்காரர் அட்டை தொங்கவிடுவதற்கு முன்பே, எந்த வீடு காலியாகப் போகிறது என்று அவருக்குத் தெரியும். முன்பு குடி இருந்தவர் ஏன் காலி செய்தார் என்றும் தெரியும். தெருவில் எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிறது? கிணற்றுத் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா? வீட்டுக்கார அம்மாள் நல்ல மாதிரியா, இரவு 9 மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுகிறவரா? எல்லாம் அவருக்கு அத்துபடி.

சொல்வாரா என்பது வேறு விஷயம்!

வீடு முடிந்தால் ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்குவது பல ஊர்களில் வழக்கம். வீட்டுக்காரரிடமும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பணம் வாங்குகிறவர் யாருடைய ஆள்? அதனால் அவரிடம் கேள்வி கேட்கத்தான் வேண்டும். "முன்பு இருந்தவர் எதற்காகக் காலி செய்தார்?" என்று நேராகவே கேட்கலாம். வாய் தடுமாறினால், பக்கத்து வீட்டில் போய் விசாரிக்கலாம்.

தரகரிடம் இன்னொரு குறையும் உண்டு. சில வீட்டுக்காரர்கள் சாதி பார்க்கிறார்கள், மதம் பார்க்கிறார்கள், கவிச்சி சமைக்கக் கூடாது என்கிறார்கள். அதை அட்டையில் எழுதித் தொங்கவிட அவர்களுக்குத் துணிச்சல் இல்லை. தரகரிடம் காதோடு காதாகச் சொல்லிவிடுகிறார்கள். தரகரும் "அந்த வீடு முடிந்துவிட்டது" என்று வேறு தெருவுக்கு அழைத்துப் போய்விடுகிறார். இது நல்ல வேலை அல்ல.

ஆனால், ஒன்று. சாவி கைக்கு வந்த பிறகே தரகர் கமிஷன் கேட்கிறார். வீடு அமையவில்லை என்றால், பெட்ரோல் செலவு அவரைச் சேர்ந்தது.

செல்போனில் வீடு

இந்தியாவில் வீட்டு விளம்பரங்களுக்கு என்றே இணையதளங்கள் வந்து 20 ஆண்டு ஆகிவிட்டது. 2014-ல் பெங்களூரில் "நோ புரோக்கர்" என்ற கம்பெனி தொடங்கியது. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. தரகர் வேண்டாம், வீட்டுக்காரரும் குடி வருகிறவரும் நேரில் பேசிக்கொள்ளலாம் என்பது அதன் ஏற்பாடு.

சென்னை, கோவை போன்ற பெரிய நகரங்களில் இது நன்றாக உதவுகிறது. முன்பின் தெரியாத ஊரில் எந்தப் பகுதியில் என்ன வாடகை என்று வீட்டில் இருந்தபடியே தெரிந்துகொள்ளலாம். பஸ் செலவு மிச்சம். பெண்கள் தாங்களே பார்த்து, தாங்களே பேசி முடிக்கலாம்.

சிறிய ஊர்களில் நிலைமை வேறு. சாத்தூரில் நல்ல வீடு காலியானால், அது இணையதளத்துக்குப் போவதற்கு முன்பே வாய்வழியாகப் போய்விடுகிறது. பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் சில வீடுகள் வருகின்றன. போன் செய்து பார்த்தால், பேசுகிறவர் வீட்டுக்காரராக இருப்பது இல்லை. தரகராகவே இருக்கிறார்!

படத்தை நம்பியும் முடிவு செய்ய முடியாது. இந்த வட்டாரம் கரிசல் பூமி. கரிசல் மண் மழையில் ஊதும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமாகப் போடாத வீட்டில் சுவர் மூலைக்கு மூலை விரிசல் விடும். புதிதாக வெள்ளை அடித்துப் படம் எடுத்தால் விரிசல் தெரியாது. ஜன்னல் மூலையிலும் கதவு நிலைக்கு மேலேயும் கையை வைத்துத் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு பவுனுக்குப் போன கம்பெனி

இங்கிலாந்திலும் இதே போட்டி நடந்தது. அங்கே வீட்டுத் தரகர்களுக்குக் கடைத் தெருவில் கண்ணாடி போட்ட பெரிய கடைகள் உண்டு. வீடு விற்றால், விலையில் நூற்றுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குவார்கள்.

2014-ல் அண்ணன் தம்பிகளான மைக்கேல் புரூஸ், கென்னி புரூஸ் இருவரும் "பர்ப்பிள்பிரிக்ஸ்" என்ற கம்பெனியை நடத்தத் தொடங்கினார்கள். கடை கிடையாது. எல்லாம் இணையத்தில்தான். "கமிஷன் வேண்டாம். சில நூறு பவுன் கட்டணம் போதும்" என்றார்கள்.

மக்கள் மகிழ்ந்து போனார்கள். 2017-ல் கம்பெனியின் மதிப்பு 100 கோடி பவுனைத் தாண்டியது. ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். அமெரிக்காவுக்கும் போனார்கள்.

ஆனால், அந்தக் கட்டணத்தில் ஒரு சங்கதி இருந்தது. வீடு விற்றாலும் சரி, விற்காவிட்டாலும் சரி, பணம் கட்டியாக வேண்டும்! "வீடும் விற்கவில்லை, பணமும் போச்சு" என்று புலம்பியவர்கள் உண்டு. 2019-ல் ஆஸ்திரேலியாவையும் அமெரிக்காவையும் விட்டுக் கம்பெனி வெளியேறியது. நஷ்டம் வளர்ந்தது. கடைசியில் 2023-ல் கம்பெனியை வேறு ஒரு கம்பெனி வாங்கியது.

என்ன விலைக்கு? ஒரே ஒரு பவுன்!

கடைத் தெருத் தரகர்கள் ஒழுங்கானவர்கள் என்று இதற்கு அர்த்தம் அல்ல. குடி வருகிறவர்களிடம் இந்தக் கட்டணம், அந்தக் கட்டணம் என்று அங்கேயும் கறந்தார்கள். இங்கிலாந்து அரசாங்கம் 2019 ஜூன் மாதம் சட்டம் போட்டு அதை நிறுத்தியது.

முன்பணம் கேட்டால் உஷார்!

செல்போனில் வீடு தேடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அழகான வீடு. குறைந்த வாடகை. போனில் பேசுகிறவர், "நான் ராணுவத்தில் இருக்கிறேன். இப்போது ஊரில் இல்லை. நிறையப் பேர் கேட்கிறார்கள். அட்வான்ஸ் அனுப்பினால் உங்களுக்கே" என்கிறார். பணம் போகிறது. அதோடு போனும் அணைந்து போகிறது. அந்த வீட்டில் வேறு யாரோ பல வருஷமாகக் குடி இருக்கிறார்கள்!

வீட்டைக் கண்ணால் பார்க்காமல், உரிமையாளரை நேரில் பார்க்காமல், ஒரு ரூபாய் கூட அனுப்பக் கூடாது. ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பணமோசடிக்கு என்றே உள்ள அரசாங்க எண் அது. சீக்கிரம் சொன்னால், பணம் மோசக்காரன் கைக்குப் போகாமல் நிறுத்தி வைக்க வழி உண்டு.

ஒத்தி வீடு

வாடகையை விடப் பெரிய விஷயம் ஒத்தி.

3 லட்ச ரூபாய்க்கு ஒரு வீடு ஒத்திக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பணத்தைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. 3 வருஷம் கழித்துக் காலி செய்யும்போது, முழுப் பணமும் திரும்ப வரும். மாதச் சம்பளக்காரருக்கு இது ஆசை காட்டும் ஏற்பாடுதான். இணையதளங்களில் இதையே "லீஸ்" என்று போடுகிறார்கள்.

அந்த 3 லட்சம் எப்படிச் சேர்ந்த பணம்? பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்ததாக இருக்கலாம். நகையை அடகு வைத்ததாக இருக்கலாம். அது திரும்பி வருமா என்று பார்க்க வேண்டாமா?

தரகர் பார்க்க மாட்டார். இணையதளமும் பார்க்காது. குடி போகிறவர்தான் பார்க்க வேண்டும்.

முதலில், வீட்டின் மேல் பாங்குக் கடன் இருக்கிறதா? கடன் இருந்து, வீட்டுக்காரர் தவணை கட்டத் தவறினால், பாங்கு வீட்டை ஏலத்துக்குக் கொண்டு வரும். ஒத்திக்கு இருக்கிறவர் பணத்துக்காக அலைய வேண்டியதுதான்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், பதிவான கடன்கள் தெரியும். பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே இப்போது பார்க்கலாம். செல்போன் உண்மையிலேயே பயன்படும் இடம் இது. ஆனால், அதோடு நின்றுவிடக் கூடாது. மூலப் பத்திரத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். "ஜெராக்ஸ்தான் இருக்கிறது" என்றால், மூலப் பத்திரம் எங்கே என்று கேட்க வேண்டும். பாங்குப் பெட்டிக்குள் அது இருக்கலாம்.

அடுத்தது, ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் ஆபீசில் பதிவு செய்ய வேண்டும். "பதிவு எதற்கு? 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக்கொள்வோம்" என்பார்கள். பதிவு செலவு மிச்சம் ஆகும், உண்மைதான். நாளைக்குத் தகராறு வந்தால், அந்தக் காகிதம் கை கொடுக்காது.

வாடகைச் சட்டம்

வாடகைக்கு வருகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. 2017-ல் நிறைவேறியது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நகரங்களில், வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு விதமாக எழுதிக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. "10 மாத அட்வான்ஸ்" என்று தரகர் சொன்னால், சட்டத்தை அவருக்கு எடுத்துச் சொல்லலாம். சண்டை வந்தது என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ வீட்டுக்காரர் நிறுத்தவும் முடியாது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய மனைப் பிரிவு, அடுக்குமாடி வீடு ஆகியவற்றை விற்றுத் தரும் தரகர், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் பயம் உண்டு

பட்டாசு வட்டாரத்தில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் ஒரு கவலை இருக்கிறது.

தீபாவளி நெருங்கும்போது, ஒதுக்குப்புறமான வீடுகளுக்குத் திடீர் என்று கிராக்கி வரும். கேட்ட வாடகையைப் பேரம் பேசாமல் கொடுப்பார்கள். சாமான் அதிகம் வராது. உள்ளே குடித்தனம் நடக்காது. திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்வார்கள்!

குடியிருக்கும் வீட்டில் பட்டாசு செய்ய யாருக்கும் அனுமதி கிடையாது. அனுமதி பெற்ற ஆலையிலேயே விபத்து நடக்கிறது. 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளம் ஆலையில் நடந்த வெடி விபத்தில் பலர் உயிர் இழந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. வீட்டுக்குள் மருந்து இருந்தால், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் கதி என்ன?

இணையத்தில் பேசி, இணையத்திலேயே அட்வான்ஸ் வாங்கி, ஆளையே பார்க்காமல் வீட்டைக் கொடுத்துவிட்டால், உள்ளே யார் இருக்கிறார் என்று வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? பிறகு, போலீஸ் அவரைத்தான் தேடி வரும். உள்ளூர்த் தரகர் வருகிறவரின் ஊர், தொழில், பழைய வீடு எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் அழைத்து வருவார். இந்த ஒரு வேலைக்காகவே அவருக்குக் கமிஷன் கொடுக்கலாம்.

குடி வருகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் உள்ள தகரக் கொட்டகையில் என்ன வேலை நடக்கிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டும். எந்த இணையதளமும் இதைச் சொல்லாது.

சாவி வாங்கும் நாள்

ஆகவே, சாத்தூர், சிவகாசி என்றால் தரகரும் தெரிந்தவர்களும் முதலில். செல்போன் வாடகை நிலவரம் பார்க்க. சென்னை, கோவை என்றால் செல்போன் முதலில். முடிவு செய்வது நேரில் போய்ப் பார்த்த பிறகு. எந்த வழியாக இருந்தாலும், "இப்போதே பணம் கட்டு" என்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நிற்கலாம்.

தரகரிடம் கமிஷனை முதலிலேயே பேசி விட வேண்டும். எவ்வளவு, எப்போது என்று இருவர் முன்னிலையில் சொல்லிவிட்டால் பிறகு முகம் சுளிக்க வேண்டியது இல்லை.

சாவி வாங்கும் அன்று, மின்சார மீட்டரில் உள்ள எண்ணை ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வீடுகளுக்கு 2 மாதத்துக்கு ஒரு தடவைதான் ரீடிங் எடுக்கிறார்கள். முன்பு இருந்தவர் எரித்த கரண்டுக்கு, புதிதாக வந்தவர் பணம் கட்டும்படி ஆகிவிடும். சுவரில் உள்ள விரிசல், உடைந்த குழாய், ஆடாத மின்விசிறி எல்லாவற்றையும் அதே செல்போனில் படம் பிடித்து, வீட்டுக்காரருக்கும் அன்றே அனுப்பிவிடலாம். காலி செய்யும்போது "இதை நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்று அட்வான்சில் பிடிக்க முடியாது.