உங்களுக்குத் தெரியுமா? நனைந்தது காகிதம், பிழைத்தது பதிவு

2015 டிசம்பர் 1–2: தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. அருகிலுள்ள முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் பட்டா, மதிப்பெண் பட்டியல், குடும்ப அட்டை எல்லாம் வெள்ளத்தில் வீணாயின. அதே மாதம் அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி, நகல்களைக் கட்டணமின்றி வழங்கியது. மூலப் பதிவுகள் வேறிடத்தில் பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது.

டேட்டாபேஸுக்கும் இதே விதிதான்:

• சர்வர் இருக்கும் அறையிலேயே பேக்கப்பும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே மூழ்கும். ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். மும்பையில் இயங்கும் தேசியப் பங்குச் சந்தையின் மாற்று மையம் சென்னையில் இருக்கிறது.

• மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் பேக்கப்பாக எடுக்கும் டம்ப் கோப்பைத் திறந்தால் ‘கிரியேட் டேபிள்’, ‘இன்சர்ட்’ கட்டளைகள் வரிசையாகத் தெரியும். அவற்றை மறுபடி ஓட்டுவதே ரீஸ்டோர். டம்ப் எடுத்த பிறகு நடந்த மாற்றங்களை, அவற்றைப் பதிந்துவைக்கும் பைனரி லாக் மீட்டுத் தரும்.

• 2017 ஜனவரி 31: கிட்லேப் நிறுவனத்தின் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டது. ஐந்து பேக்கப் வழிகளில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு, வேறொரு வேலைக்காக எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

• அதனால், பேக்கப்பை மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, ஒவ்வொரு டேபிளிலும் வரிசைகளை எண்ணிச் சரிபாருங்கள்.