நின்றுபோன படிப்பு

தங்க வயலில் நம் இளைஞர் பலருக்குப் பொழுது புலர்வது மாரிகுப்பம் ரயில் நிலையத்தில்தான். விடியுமுன் ரயிலேறி, பெங்களூரில் கடையிலோ காவல் வேலையிலோ பகலைக் கழித்து, இரவில் வீடு சேர்கின்றனர். அவர்கள் பாடு பெரிதே. எனினும், அந்த ரயிலிலும் ஏறாமல், பள்ளிக்கும் போகாமல், சயனைட் மண்மேட்டின் ஓரத்தில் நாளைப் போக்கும் பிள்ளைகளைப் பற்றியே நாம் இங்குப் பேச விரும்புகிறோம்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு வந்தபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடியேறிய நம்மவரிடம் ஓர் எண்ணம் வேரூன்றியது: தகப்பன் இறங்கிய சுரங்கத்தில் மகனும் இறங்குவான். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. படிப்பு நின்றால் சுரங்கம் உண்டு என்ற துணை அன்றே போயிற்று.

எங்கள் தெருவில் ஒரு பையன். பத்தாம் வகுப்பில் கணக்கிலும் அறிவியலிலும் தவறி, நான்காண்டுகள் சும்மா இருந்தான். நாமும் கண்டபோதெல்லாம் புத்தி சொன்னோம். விளைவு, நம்மைக் கண்டாலே எதிர்ச்சந்தில் நுழைந்துவிடுவான்! கடைசியில் அண்டை வீட்டு அம்மையார் ஒருவர், "வாப்பா, நானும் கூட வருகிறேன்" என்று பழைய பள்ளிக்கு அழைத்துச் சென்றார். தவறிய பாடங்களை மட்டும் எழுதினால் போதும் என்பதையே அவன் அன்றுதான் அறிந்தான். முழுவதும் மீண்டும் படிக்க வேண்டும் என்றெண்ணியே அஞ்சியிருந்தானாம். நான்காண்டுகள் நாம் சொன்ன புத்தியில் இந்த ஒரு செய்தி இல்லை.

பள்ளியை முற்றும் துறந்தவர்க்கு, 1989இல் அமைந்த தேசியத் திறந்தநிலைப் பள்ளி உண்டு. பதினான்கு வயது நிரம்பியோர் அதில் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். உச்ச வயது வரம்பில்லை. ஐந்தாண்டுகளுக்குள் ஒவ்வொரு பாடமாக எழுதித் தேறலாம். தேறிய பாடம் கணக்கில் நிற்கும். பத்தாவது தேறினால் ஐ.டி.ஐ.யில் பிட்டர், எலக்ட்ரீஷியன் படிப்புகளுக்கு வழி திறக்கும். பின்னர் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி உதவித்தொகையுடன் ஆலையில் பயிலலாம். 1964இல் தோன்றிய பெமல் நிறுவனத்தின் ஆலை நம் ஊரிலேயே இருக்கிறது.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ரயில் பயணமே படிக்கும் நேரம் என்று சிலர் கூறுகின்றனர். நின்றுகொண்டு வருபவன் எதைப் படிப்பான்? ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உடன் அமர ஒருவர் கிடைத்தால் அதுவே பெரிது.

அந்தப் பையன் அறிவியலில் தேறிவிட்டான். கணக்கு இன்னும் நிற்கிறது. அம்மையாரோ அடுத்த தெருவில் எட்டாவதோடு நின்ற ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போய்வரத் தொடங்கியிருக்கிறார். பெண்ணின் தாயார் இன்னும் சம்மதிக்கவில்லை.