மலைக்கும் கண்ணுக்கும் இடையே

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி வடக்கே பார்த்தால் மூன்று குன்றுகள் தெரியும். முதலில் சானடோரியம் பக்கத்துப் பச்சைமலை. அதற்கு அப்பால் பல்லாவரத்துக் குன்று. இன்னும் அப்பால், நாள் நன்றாக இருந்தால், பரங்கிமலை. பல்லாவரமும் பரங்கிமலையும் சார்னகைட் என்னும் ஒரே வகைக் கரும்பாறையால் ஆனவை. அவற்றின் மேல் முளைத்திருக்கும் புதரும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கண்ணுக்கு அவை ஒரே நிறமாகத் தெரிவதில்லை. ஏன்?

இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டு வந்தவர் இயற்பியல் மாணவர் அல்லர். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் இளைஞர். சென்னையில் ஓவியம் பயில்கிறவர். நாள்தோறும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்குகிறார். இயற்கைக் காட்சி வரைவதில் அவருக்குப் பெரு விருப்பம். நூலகத்தில் ஐரோப்பிய ஓவியர்களின் படத் தொகுப்புகளை எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகியிருந்தார். பிறகு அதே கையோடு எங்கள் மாடியிலிருந்து மூன்று குன்றுகளையும் தீட்டினார். படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது தாம்பரமாக இல்லை.

"தம்பி, இது ஊட்டி மாதிரி இருக்கிறதே!" என்றேன்.

"அதுதான் சார் எனக்கும் புரியவில்லை. அவர்கள் வைத்த நீலத்தைத்தானே நானும் வைத்தேன்?" என்றார்.

கோளாறு அந்த நீலத்தில்தான் இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம்.

ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் நிரப்பி, இரண்டு மூன்று சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் டார்ச் விளக்கின் ஒளியைப் பாய்ச்சுங்கள். தண்ணீர் மங்கலான நீலமாகத் தெரியும். இனித் துணியை எடுத்துவிட்டு, தம்ளர் வழியே நேராக விளக்கைப் பாருங்கள். விளக்கு மஞ்சளாக, பால் சற்றுக் கூடினால் சிவப்பாகவே தெரியும். மிக நுண்ணிய துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. சிதறாமல் நேரே வருவதில் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன.

காற்றின் மூலக்கூறுகளும் இதே வேலையைச் செய்கின்றன. சிதறும் ஒளியின் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்று ராலே 1871-இல் காட்டினார். 450 நானோமீட்டர் நீலத்தையும் 650 நானோமீட்டர் சிவப்பையும் எடுத்துக் கணக்கிட்டால், நீலம் நான்கு மடங்குக்குச் சற்று அதிகமாகச் சிதறுகிறது. வெயில் படும் காற்றே ஓர் ஒளிரும் திரை. கருங்குன்றிலிருந்து வரும் ஒளி சிறிது. நமக்கும் குன்றுக்கும் இடையே உள்ள காற்று அனுப்பும் நீல ஒளி அதன்மேல் வந்து சேர்கிறது. நாம் காண்பது குன்றின் நிறத்தை மட்டுமன்று, இடையிலுள்ள காற்றின் நிறத்தையும்தான்.

லியனார்டோ டாவின்சி இதை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்ணால் கண்டு எழுதி வைத்தார். கரிய பின்னணியில் புகை நீலமாகத் தெரிவதையும் அவர் கவனித்திருந்தார். நம் பால் தம்ளரின் மூதாதை அது. ஓவியர்களுக்கு அவர் ஒரு விதியும் வகுத்தார்: ஐந்து மடங்கு தொலைவில் இருப்பதை ஐந்து மடங்கு நீலமாக்க வேண்டும். விதி எளியது. ஆனால் அது முழுவதும் சரியன்று.

காற்று, கழித்தல் கணக்குப் போடுவதில்லை; பெருக்கல் கணக்குப் போடுகிறது. குன்றுக்கும் அதன் பின்னுள்ள வானத்துக்கும் இடையே தெரியும் வேறுபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட தொலைவு சென்றால் அது பாதியாகும், மேலும் அதே தொலைவு சென்றால் கால், பிறகு அரைக்கால். கதிரியக்கத்தில் அரை ஆயுள் என்று படித்திருப்பீர்கள், அதே கணக்குத்தான். இவ்வேறுபாடு நூற்றில் இரண்டாகக் குறையும்போது கண் தோற்றுவிடுகிறது என்று கொண்டு, அத்தொலைவைப் பார்வைத் தொலைவு என்கிறோம். கோஷ்மீடர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1924-இல் தந்த வாய்பாடு இது.

இனித் தாம்பரத்துக்கு வருவோம். மார்கழி, தை மாதக் காலைகளில் பார்வைத் தொலைவு 10 கிலோமீட்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டருக்கு ஒருமுறை வேறுபாடு பாதியாகும். எங்கள் மாடிக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு தொலைவில் உள்ள பச்சைமலையில் பாதி மிஞ்சும். ஐந்தரைக் கிலோமீட்டருக்குப் பக்கத்திலுள்ள பல்லாவரத்தில் எட்டில் ஒரு பங்கு. பத்துக் கிலோமீட்டரை ஒட்டியுள்ள பரங்கிமலையில் ஐம்பதில் ஒன்று. அதாவது மலை அங்கே இருக்கிறது, ஆனால் தெரியாது! துகளே இல்லாத தூய காற்றில் பார்வைத் தொலைவு சுமார் 300 கிலோமீட்டர். அங்கே வேறுபாடு பாதியாவதற்கே 50 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும்.

நிறமும் மாறுகிறது. நம் ஊர்க் காற்றில் கடல் உப்புத் துகள், புழுதி, வண்டிப் புகை எல்லாம் உண்டு. ஈரப்பதம் மிகுந்த காலையில் உப்புத் துகள் நீரை உறிஞ்சிப் பருக்கிறது. ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்கும் அதற்கு மேலும் பருத்த துகள், நீலம் சிவப்பு என்று அதிகம் பாராட்டாமல் எல்லா நிறங்களையும் சிதறடிக்கிறது. அதிலும் பெரும்பகுதியை முன்னோக்கியே வீசுகிறது. எனவே காலையில் கிழக்கே, மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் பார்த்தால் எல்லாம் மோர் ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடக்கும். அதே நேரத்தில் சூரியனுக்கு முதுகைக் காட்டி மேற்கே பார்த்தால் நிறங்கள் ஓரளவு தேறும். ஊட்டியின் நீலத்தைத் தை மாதத் தாம்பரத்தில் பூசினால் எப்படிப் பொருந்தும்?

அப்படியானால் பெரிய ஓவியர்களைப் பார்த்துப் பழகுவதே வீண் வேலையா? இளைஞர் இப்படித்தான் கேட்டார், சற்றுக் கோபமாகவே. இல்லை. எதைப் பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி.

அவருக்கு ஓர் எளிய கருவி செய்து கொடுத்தேன். நீங்களும் செய்யலாம். சாம்பல் நிற அட்டை ஒன்றில் காகிதம் துளைக்கும் கருவியால் ஒரு துளை. அட்டை ஓரத்தில் வெள்ளை முதல் கறுப்பு வரை பத்துப் படி. வெள்ளைக்கு 1, கறுப்புக்கு 10. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, துளை வழியே குன்றின் நிழற்பகுதியைப் பார்த்து, அது எந்தப் படியோடு ஒக்கிறது என்று குறிக்க வேண்டும். 'அது மலை' என்ற எண்ணத்தைத் துளை வெட்டிவிடுகிறது. வெறும் நிறம் மட்டும் மிஞ்சுகிறது.

அன்றைய காலையில் மாமரத்து நிழல் 9, பச்சைமலை 6, பல்லாவரம் 3, வானம் 2. பரங்கிமலையை வானத்திலிருந்து பிரிக்கவே முடியவில்லை. அவருடைய படத்தில் இருந்ததோ 9, 7, 5, 3. மாடிப்படி கட்டியதுபோல் சரிசமமான இறக்கம்! பிறகு அவர் பார்த்து வரைந்த அச்சுப் படத்தின்மேல் அட்டையை வைத்தோம். அந்த ஓவியர் முதல் இறக்கத்தைப் பெரிதாக வைத்து, அடுத்தடுத்தவற்றைச் சுருக்கிக்கொண்டே போயிருந்தார். வாய்பாடு தெரியாமலே காற்றின் கணக்கைச் சரியாகப் போட்டிருந்தார். நம் இளைஞர் நீலத்தை எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டார்.

இங்கிலாந்தின் கான்ஸ்டபிளும் பிறர் படங்களைப் பார்த்து எழுதித்தான் கற்றார். தமக்கு நூற்றைம்பது ஆண்டு முந்திய கிளாட் லொரேனின் படங்களைப் பலமுறை படி எடுத்தார். நாற்பத்தேழு வயதில், 1823-இல்கூட, ஒரு பிரபுவின் மாளிகையில் தங்கி அதே வேலையைச் செய்தார். ஆனால் அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளிலும் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் அவர் தீட்டிய மேகப் படங்களைப் பாருங்கள். பலவற்றின் பின்புறத்தில் தேதி, நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைத்திருக்கிறார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் குறிப்பேட்டை இவ்வளவு ஒழுங்காக எழுதுகிற மாணவர் சிலரே!

அறிவியலிலும் இப்படித்தான். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்பது ராலேயின் கருத்து. அவரை ஊன்றிப் படித்தவர் திருச்சியில் பிறந்த சி. வி. ராமன். 1921-இல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்தபோது, நிகல் பட்டகம் ஒன்றினால் பிரதிபலிப்பை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். குருவை நன்கு படித்தவருக்குத்தான் குரு தவறிய இடமும் தெரியும்.

நம் ஊர் ஒளியை நம்மவர் எப்படித் தீட்டினர் என்று பார்க்க வேண்டுமானால் அதற்கும் வழி உண்டு. 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியே இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே தேவி பிரசாத் ராய் சௌதுரியிடம் பயின்று, பின்னர் தாமே முதல்வரானவர் கே. சி. எஸ். பணிக்கர். இளமையில் தென்னையும் வாய்க்காலும் வயலுமாக அவர் தீட்டிய நீர்வண்ணப் படங்களில் நம் கடலோரத்தின் ஈரக்காற்று இருக்கிறது. பிற்காலத்தில் இயற்கைக் காட்சியை விட்டு எழுத்துகளும் குறிகளுமாக வரையத் தொடங்கினார். எனக்கென்னவோ பழைய படங்களே பிடிக்கின்றன. இயற்பியல்காரனின் ரசனை அவ்வளவுதான்! 1966-இல் அவர் முன்னின்று அமைத்த சோழமண்டலம் கலைஞர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போய்விடலாம்.

இளைஞர் இப்போது அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். படங்களின் பின்னால் தேதியும் நேரமும் எழுதுகிறார். வடகிழக்குப் பருவமழை கொட்டி ஓய்ந்த ஒரு காலையில் ஓடி வந்து கதவைத் தட்டினார். மழை துகள்களைக் கழுவிவிட்டிருந்தது. மாடியேறிப் பார்த்தோம். பல்லாவரம் நெருங்கி வந்து உட்கார்ந்திருந்தது. பரங்கிமலை தெளிந்த நீலம். அன்று அவர் பழைய நீலத்தையே கூசாமல் எடுத்துப் பூசலாம். அட்டைத் துளை வழியே மலை உச்சியின் வெள்ளைத் தேவாலயத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அது வெள்ளை இல்லை. லேசாக மஞ்சள்!" என்றார்.

பால் தம்ளருக்குப் பின்னால் இருந்த விளக்கு என் நினைவுக்கு வந்தது. அவர் அதற்குள் வெள்ளைச் சாயத்தில் ஒரு துளி மஞ்சளைக் கலக்கத் தொடங்கியிருந்தார்.